மூடிய புத்தகமும் மனவரைபடமும்

அரசுப் பள்ளியில் படித்து இன்று முப்பது வயதை ஒட்டி நிற்கும் இளைஞர்களிடம் 'மனவரைபடம்' என்று சொன்னால், பலருக்கும் நடுவில் ஒரு வட்டமும் அதிலிருந்து கிளைத்த கோடுகளும் நினைவுக்கு வரும். 2007-ஆம் ஆண்டு வாக்கில், அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியே ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வி முறையில், படித்தல், மனவரைபடம் வரைதல், தொகுத்தல், எழுதுதல், வழங்குதல் என்று பாடம் நகர்ந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், நான் பார்த்த வகுப்பறைகள் பலவற்றில் மாணவர்கள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, தடித்த எழுத்தில் இருந்த சொற்களை வட்டத்தைச் சுற்றிப் பெயர்த்து எழுதினார்கள். பார்வைக்கு வரும் அதிகாரிகளுக்காக அவை சுவரிலும் ஏறின. தேர்வு நெருங்கியதும் கைகள் மீண்டும் 'நோட்ஸ்' புத்தகத்தையே தேடின.

பிரிட்டனைச் சேர்ந்த டோனி புசான் 1974-இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியே இம்முறையைப் பரப்பினார். மையத்தில் கருப்பொருள், கிளைக்கு ஒரு சொல், வண்ணம், படம் என்பவை அவர் வகுத்த விதிகள். (வண்ணப் பென்சில் இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.) பொருளைக் கிளை பிரித்து அறிவது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுத்து, முதலை நிலம், பொழுது என்றும், கருவைத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் என்றும் விரித்துச் செல்வதைத் தாளில் வரைந்தால், அதுவே ஒரு மனவரைபடம்.

துறையூருக்கு மேலே பச்சைமலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் குறிஞ்சித் திணை நடத்தப்படுவதாகக் கொள்வோம். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தினையும் தேனும் மனப்பாடம் செய்ய வேண்டிய சொற்களே அல்ல. நடுவில் 'எங்கள் மலை' என்று எழுதச் சொன்னால், பாடநூலில் இல்லாத மரவள்ளியும் முந்திரியும் பலாவும் உணவுக் கிளையிலும் தொழில் கிளையிலும் தாமே வந்து அமரும். மழைக் கிளையிலிருந்து மங்களம் அருவிக்கும், அங்கிருந்து ஓடைகள் வழியாக அடிவாரத்து வயலுக்கும் ஒரு கோடு நீளும். கிளைகளுக்கு இடையே ஓடும் இத்தகைய குறுக்குக் கோடுகளில்தான் புரிதல் வெளிப்படுகிறது என்பது என் கருத்து. தமிழ்ப் பாடம், புவியியல், அறிவியல் மூன்றும் அங்கே ஒரே தாளில் சந்திக்கின்றன.

இதனால் உண்மையில் பயன் உண்டா? லண்டன் மருத்துவ மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், மனவரைபடம் வரைந்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பிறகு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். ஆனால், அம்முறையில் அவர்களுக்கு ஆர்வம் குறைவாகவே இருந்தது. 2011-இல் 'சயின்ஸ்' இதழில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ப்பிக்கேயும் பிளண்ட்டும் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. பாடத்தை முன்னால் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தவர்களைவிட, பாடத்தை எடுத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரத்துக்குப் பிறகு நன்கு விடையளித்தனர். அதே ஆய்வாளர்கள் 2014-இல் மற்றொன்றையும் காட்டினர்: வரைபடத்தையே நினைவிலிருந்து வரைந்தால், பத்தியாக எழுதிப் பார்ப்பதற்கு இணையான பலன் கிடைக்கிறது.

ஆக, நம் வகுப்பறைகளில் பிழைத்தது வரைபடம் அன்று. அருகில் திறந்து கிடந்த புத்தகம்தான். பார்த்து எழுதும்போது கைக்குத்தான் வேலை. மூடிவிட்டு வரையும்போது, எதை மறந்தோம் என்பது மாணவருக்கே தெரிகிறது.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தாது. கணக்கில் ஒரு படியின் மேல் அடுத்த படி நிற்கும். அதை வட்டத்தைச் சுற்றிச் சிதறவிட்டால் குழப்பமே மிஞ்சும். வரலாறு, உயிரியல், செய்யுள், கட்டுரை ஆகியவற்றுக்கு மிகவும் ஏற்றது. குறிப்பாகக் கட்டுரை எழுதுமுன் ஐந்து நிமிடம் வரைந்து பார்க்கும் மாணவர், முதல் பத்தியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திகைப்பதில்லை.

இதற்குப் புதிய திட்டமோ நிதி ஒதுக்கீடோ வேண்டாம். உண்டு உறைவிடப் பள்ளிகளில் மாலைப் படிப்பு நேரம் ஏற்கெனவே உண்டு. அதில் பத்து நிமிடம் ஒதுக்கி, அன்று நடந்த பாடத்தை வெற்றுத் தாளில், பழைய நாட்காட்டியின் பின்புறத்திலேனும், மூடிய புத்தகத்தோடு வரையச் சொல்லலாம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விடுபட்டவற்றை வேறு நிற மையால் சேர்க்கட்டும். அந்த வேறு நிறம் எங்கே அடர்ந்திருக்கிறதோ, மறுநாள் ஆசிரியர் அங்கிருந்து தொடங்கலாம்.