நம் ரத்தமே நமக்கு மருந்தா?

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை எல்லோருக்கும் 14 கிலோ மீட்டர்தான் என்று சொல்லுவார்கள். நம்பாதீர்கள். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அது நாலு கிலோ மீட்டர். முழங்கால் வலிக்காரருக்கு அது நாற்பது!

என் பெரியம்மாவைக் கேட்டால் சொல்லுவாள். ராஜகோபுரத்தருகே இந்திர லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அவள் நடையில் ஒரு குறையும் இராது. அக்னி லிங்கம், எம லிங்கம் வரையில் பேச்சும் சிரிப்புமாக வருவாள். நிருதி லிங்கத்தை நெருங்கும்போது பேச்சு நின்றுவிடும். கை முழங்காலைத் தடவ ஆரம்பித்துவிடும். வயது 62. வலிக்கு வயது ஏழு.

ஒரு பௌர்ணமியன்று அப்படி உட்கார்ந்த இடத்தில், பக்கத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஒரு செய்தி சொன்னாள். மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது பெரியம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"இந்த வளையல் ரெண்டையும் வித்துடலாம்னு பார்க்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்குப் பெரியம்மா?"

"நம்ம ரத்தத்தையே எடுத்து நம்ம முழங்காலுக்கே ஊசியாப் போடறாங்களாம். தேய்ஞ்சது மறுபடி வளர்ந்துடுமாம். ரெண்டு காலுக்கும் பல ஆயிரம் ஆகுமாம். ஆகட்டுமே! கார்த்திகை தீபத்துக்கு நான் முழுசா நடந்து வந்துடணும்டி."

வளையல் அவள் கல்யாணத்துக்குப் போட்டது. அதனால், விற்பதற்கு முன்னால் விஷயத்தைத் தெரிந்துகொண்டு வருகிறேன் என்று அவகாசம் வாங்கிக்கொண்டு, ஊரில் தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன்.

"பி.ஆர்.பி. ஊசியா?" என்று சிரித்தார் டாக்டர். "பிளேட்லெட் மிகுந்த பிளாஸ்மா என்று அதற்குப் பொருள். உங்கள் வீட்டில் யாருக்காவது டெங்கு ஜுரம் வந்திருக்கிறதா?"

வந்திருக்கிறது. 'பிளேட்லெட் எத்தனை?' என்று வேளைக்கு வேளை கேட்டுத் தவித்திருக்கிறோம். தமிழில் தட்டணு என்கிறார்கள். ஆரோக்கியமான உடம்பில் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். ஒன்றின் ஆயுள் எட்டுப் பத்து நாள்தான். காய்கறி நறுக்கும்போது விரல் அறுபட்டால் ஓடிவந்து அடைத்து ரத்தத்தை நிறுத்துவது இதுவே. அத்துடன் வேலை முடிவதில்லை. தன்னுள் பொதிந்து வைத்திருக்கும் வளர்ச்சிப் பொருள்களை வெளியே விட்டு, "இங்கே பழுது பார்க்க வேண்டும், வாருங்கள்!" என்று மற்ற அணுக்களை அழைக்கிறது.

இந்தக் குணத்தை வைத்துத்தான் ஊசி. கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு யந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றுகிறார்கள். பாலிலிருந்து ஏடு பிரிக்கும் யந்திரம் மாதிரிதான். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவான நீர் நிற்கும். அதில் தட்டணுக்கள் மிகுந்த பகுதியை மட்டும் எடுத்து வலிக்கிற மூட்டிலோ தசைநாரிலோ செலுத்துகிறார்கள். சொந்த ரத்தமாகையால் ஒவ்வாமை பயம் குறைவு. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலியும் வீக்கமும் இருக்கலாம்.

"கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது?" என்றேன்.

"நியாயமாக இருப்பது வேறு, நடந்து காட்டுவது வேறு" என்றார் டாக்டர்.

இந்த வைத்தியம் ஊரெல்லாம் பிரசித்தமானது விளையாட்டு வீரர்களால்தான். 2009-ல் ஹைன்ஸ் வார்ட் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் முழங்காலில் அடிபட்டு, இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு பெரிய பந்தயத்தில் ஆடினார். அவர் கட்சி ஜெயித்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஆனால் ஜெயித்தவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார் என்பதால், ஊசியால்தான் ஜெயித்தார் என்று ஆகிவிடுமா?

நம் நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சண்டிகரிலுள்ள முதுநிலை மருத்துவ நிறுவனத்தார் 2013-ல் வெளியிட்ட சோதனையில் மூட்டுத் தேய்மானம் உள்ள 78 பேர் பங்கு கொண்டார்கள். சிலருக்குப் பி.ஆர்.பி., சிலருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. பி.ஆர்.பி. போட்டுக்கொண்டவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் ஆறாவது மாதத்தில் அந்தப் பலன் சற்று மங்கத் தொடங்கியது.

பெரியம்மாவுக்கு இதைச் சொன்னால் அன்றே வளையலைக் கழற்றிவிடுவாள்! நல்லவேளையாக, டாக்டர் மேலும் சொன்னார்.

2021-ல் ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்து இதைவிடப் பெரிய சோதனை நடந்தது. வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். பத்து மார்க்கு வலி என்று வைத்துக்கொண்டால், பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 மார்க்கு குறைந்திருந்தது. உப்பு நீர் போட்டவர்களுக்கு? 1.8! பெரிய வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பும் இரண்டு தரப்பாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேய்ந்திருந்தது, வளரவில்லை.

உப்பு நீருக்கு வலி குறைவானேன்? ஊசி போட்டுக்கொண்ட நம்பிக்கை ஒரு காரணம். மூட்டு வலி தானாகவே ஏறி இறங்கும் சுபாவமுள்ளது; உச்சத்தில் இருக்கும்போதுதானே டாக்டரிடம் ஓடுகிறோம்? பிறகு இறங்கினால் பெயர் ஊசிக்குப் போகிறது.

துணி பிழிந்து பிழிந்து முழங்கைக்கு வெளிப்புறம் வலி கண்ட சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அதற்கும் இந்த ஊசி போடுகிறார்கள். 2010-ல் ஹாலந்து தேசத்தில் 100 பேரிடம் செய்த சோதனையில் ஸ்டீராய்டு ஊசியைவிட இது மேல் என்று கண்டார்கள். 2021-ல் 30-க்கும் மேற்பட்ட சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை என்றே முடிவு வந்தது.

"அப்படியானால் இது மோசடியா?"

"மோசடி என்று சொல்லமாட்டேன். வளர்ந்துவருகிற வைத்தியம். ரத்தத்தை எத்தனை வேகத்தில் சுழற்றுவது, எத்தனை தட்டணு சேர்ப்பது என்பதில் கூட இடத்துக்கு இடம் வழக்கம் மாறுகிறது. சிலருக்குச் சில மாதம் சுகம் தரலாம். தேய்ந்த மூட்டு வளர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்."

2019-ல் அமெரிக்க மூட்டுநோய் நிபுணர்களின் சங்கம், முழங்கால், இடுப்புத் தேய்மானத்துக்கு இது வேண்டாம் என்றே அழுத்தமாக யோசனை கூறியிருக்கிறது.

ஊசி போட்டுக்கொள்வதாயிருந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றையும் அவரே சொன்னார். என் வலிக்குக் காரணம் என்ன, தேய்மானம் எந்த நிலையில் இருக்கிறது? எத்தனை ஊசி, மொத்தச் செலவு எவ்வளவு? பலன் எத்தனை மாதம்? சுத்தமான முறையில், ஒருவருக்கே உபயோகிக்கும் சாதனங்களில் தயார் செய்கிறீர்களா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தட்டணு குறைந்தவர்கள், புற்றுநோய் கண்டவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்று மாதம் இதைச் செய்யச் சொல்லுங்கள்" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை வைத்திருப்பது. கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. எடையைக் குறைப்பது. ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது என்று 2005-ல் அளந்து கண்டிருக்கிறார்கள். கிரிவலத்துக்கு 20,000 அடிகளாவது வைக்க வேண்டாமா? பெருக்கிப் பாருங்கள்!

பெரியம்மாவுக்குக் காகிதம் பிடிக்கவில்லை. "இதுக்கா டாக்டர்கிட்டே போனே?" என்றாள். ஆனாலும் செய்தாள். காலையில் செய்தாள், சாயங்காலம் தொலைக்காட்சித் தொடருக்கு முன்னால் உட்கார்ந்து செய்தாள். மூன்று மாதத்தில் மூன்று கிலோ இறங்கிற்று.

கார்த்திகைக்கு முந்திய பௌர்ணமியன்று மறுபடியும் கிளம்பினோம். கெட்டிக் காலுறை மாட்டிக்கொண்டு நடந்தாள். நிருதி லிங்கம் வந்தது. பேச்சு நிற்கவில்லை! பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றி ஆரம்பித்த கதை ஆதி அண்ணாமலை வரையில் வந்தது. அங்கே உட்கார்ந்தாள்.

"இதுக்கு மேலே ஆட்டோ கூப்பிடு. பாதி வந்தாச்சு, போதும்."

"வலிக்குதா, பெரியம்மா?"

"வலிக்காம என்ன? முன்னே மாதிரி இல்லே." முழங்காலைத் தடவியவள், நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தாள். "ஊசி எங்கே ஓடிப் போயிடப் போறது? வேணும்னா அப்புறம் பார்த்துக்கலாம்."

ஆட்டோவில் ஏறக் கையை நீட்டினாள். பிடித்துத் தூக்கியபோது இரண்டு வளையல்களும் கலகலவென்று சப்தித்தன.