சீருடைக்கு முன்பணம்: அமெரிக்காவின் ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு இளநிலைப் படிப்புக்கு ஆகும் செலவு நடுத்தர வருவாய்க் குடும்பங்கள் பலவற்றைக் கடனாளியாக்கும் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டிவிட்ட நிலையில், அக்கட்டணத்தை அரசே ஏற்று, பாடநூலுக்கும் கைச்செலவுக்கும் தனியே பணம் தரும் ஒரு திட்டம் பள்ளி இறுதியாண்டு மாணவர்களையும் பெற்றோரையும் ஈர்ப்பதில் வியப்பில்லை. ஆர்.ஓ.டி.சி. என்ற முதலெழுத்துகளால் அறியப்படும் சேமப்படை அதிகாரிகள் பயிற்சிப் பிரிவு வழங்கும் உதவித்தொகை அத்தகையது. ஆயினும் மதிப்பெண்ணுக்காகவோ வறுமைக்காகவோ தரப்படும் உதவித்தொகைகளின் வரிசையில் இதையும் சேர்த்துவிடுவது பிழையான புரிதலாகும். பட்டம் பெற்றபின் இராணுவ அதிகாரியாகப் பணியாற்றுவதாக மாணவர் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு அரசு கொடுக்கும் முன்பணமே இது. விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படும் கேள்விகளும், மருத்துவச் சோதனையின் கடுமையும், இடையில் விலகுவோர்மீது விழும் சுமையும் இந்த அடிப்படையிலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

சேமப்படை என்பது படைப்பணியை முழுநேரத் தொழிலாகக் கொள்ளாமல், குடிமக்களாக வாழ்ந்துகொண்டே, தேவைப்படும்போது அழைப்பை ஏற்றுச் சேரக் கடமைப்பட்டவர்களின் தொகுதி. பெயரில் அச்சொல் இருந்தாலும், இப்பயிற்சியை முடிப்பவர்களில் பலர் இன்று நேராக முழுநேரப் படைக்கே செல்கின்றனர். தரைப்படைக்குப் புதிய அதிகாரிகளை மிகுதியாக அளிக்கும் வழியும் இதுவே. பெயர் அப்படி அமைந்ததற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1819இல் ஆல்டன் பார்ட்ரிட்ஜ் என்ற இராணுவ அதிகாரி வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்கிய கல்விக்கூடம், பொதுக்கல்வியையும் படைக்கல்வியையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பித்தது. இன்றைய நார்விச் பல்கலைக்கழகம் அதன் வழிவந்ததே. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862இல் நிறைவேறிய மோரில் சட்டம், வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ மாநிலங்களுக்குக் கூட்டரசு நிலத்தை வழங்கியபோது, அக்கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் போர்முறையும் இடம்பெற வேண்டும் என்று விதித்தது. இவ்வாறு ஆங்காங்கே சிதறிக் கிடந்த பயிற்சிகளை, ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916இல், அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டம், சேமப்படைக்கு அதிகாரிகளை உருவாக்கும் ஒரே அமைப்பாகத் திரட்டியது. கடற்படைக்குரிய பிரிவு 1926இலும் விமானப்படைக்குரிய பிரிவு 1946இலும் தோன்றின. உதவித்தொகையைப் பரவலாக்கியது 1964ஆம் ஆண்டுச் சட்டம்.

தொழில்முறை இராணுவக் கழகங்களில் மட்டும் வார்க்கப்பட்ட அதிகாரிகளைக் கொண்ட படை, குடிமக்களிடமிருந்து விலகித் தனிச்சாதியாகிவிடும் என்ற அச்சம் அமெரிக்க அரசியலில் நெடுங்காலமாக உண்டு. பொதுப் பல்கலைக்கழக வகுப்பறையில் எல்லோரோடும் அமர்ந்து படித்தவரும் படையை வழிநடத்த வேண்டும் என்ற எண்ணமே இத்திட்டத்தின் உயிர். நியூயார்க் நகரக் கல்லூரியில் நிலவியல் படித்து, 1958இல் இப்பயிற்சி வழியாக அதிகாரியான காலின் பவல், 1989இல் முப்படைத் தலைமைத் தளபதிகள் குழுவின் தலைவரானது அவ்வெண்ணத்தின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. எதிர்ப்பும் இல்லாமலில்லை. வியட்நாம் போர்க்காலத்தில் மாணவர் போராட்டங்களால் ஹார்வர்டு உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்கள் இப்பிரிவை வளாகத்திலிருந்து விலக்கின. ஹார்வர்டு அதை மீண்டும் முறைப்படி ஏற்றது 2011இல்தான்.

வெஸ்ட் பாயின்ட், அன்னாபொலிஸ் போன்ற இராணுவக் கழகங்களில் சேர நாடாளுமன்ற உறுப்பினர் போன்றோரின் பரிந்துரை தேவை. சேர்ந்தபின் வாழ்வு முழுவதும் சீருடைக்குள் அடங்கிவிடும். ஆர்.ஓ.டி.சி. மாணவருக்கோ பரிந்துரை வேண்டியதில்லை. அவர் தாம் விரும்பும் பாடத்தைப் பொதுப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, வாரத்தில் சில நாள் அதிகாலை உடற்பயிற்சியிலும், படைத்துறை அறிவியல் வகுப்பிலும், களப்பயிற்சியிலும் கலந்துகொள்கிறார். கோடை விடுமுறைகளில் முகாம்களுக்குச் செல்கிறார். தமிழக வாசகருக்கு இங்குக் கல்லூரி என்.சி.சி. நினைவுக்கு வரலாம். ஆனால் என்.சி.சி. சான்றிதழ் பெற்றவர் படையில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. உதவித்தொகை பெற்ற ஆர்.ஓ.டி.சி. மாணவருக்கு அந்தக் கட்டாயமே திட்டத்தின் மையம்.

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றும் தனித்தனியே உதவித்தொகை வழங்குகின்றன. மரைன் படைக்குச் செல்ல விரும்புவோர் கடற்படைத் திட்டத்துக்குள்ளேயே அதற்கான பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாகத் தோன்றிய விண்வெளிப் படைக்கு விமானப்படைத் திட்டம் வழிவிடுகிறது. தரைப்படை உதவித்தொகையைப் பெறுபவர் கல்விக் கட்டணம் முழுவதையுமோ, அதற்குப் பதிலாக உறைவிட உணவுச் செலவுக்கு ஓர் உச்சவரம்புக்கு உட்பட்ட தொகையையோ பெறலாம். அண்மைக் கால அறிவிப்புகளின்படி இவற்றோடு பாடநூலுக்கு ஆண்டுக்கு 1,200 டாலரும், கல்லூரி நடக்கும் மாதங்களில் மாதந்தோறும் 420 டாலரும் கிடைக்கின்றன. விமானப்படையில் முழுக்கட்டணம் தரும் முதல்வகையும், ஆண்டுக்கு 18,000 டாலர் வரை தரும் இரண்டாம் வகையும், மாநிலவாசிகளுக்கான கட்டணத்தை மட்டும் ஏற்கும் ஏழாம் வகையும் உள்ளன. முழு உதவித்தொகை என்ற பேச்சைக் கேட்டு மயங்கும் குடும்பங்கள், உறைவிடச் செலவு எதில் அடங்குகிறது, எதில் அடங்குவதில்லை என்பதை முதலிலேயே கணக்குப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் ஏமாற்றம் அங்கேதான் பிறக்கிறது.

விண்ணப்பிக்கும் காலம் பலர் நினைப்பதைவிட முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. அமெரிக்கப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஆரம்பமாகும்; அதற்கு முந்திய கோடையிலேயே இணையவழி விண்ணப்பங்கள் திறக்கப்பட்டு, குளிர்காலத்தில் முடிந்துவிடுகின்றன. தரைப்படையில் தேர்வுக்குழு அக்கல்வியாண்டில் பலமுறை கூடுகிறது. முதல் முறை தேர்வாகாதவரின் விண்ணப்பம் அடுத்த கூட்டத்திலும் பரிசீலிக்கப்படுவதால், முந்தி விண்ணப்பிப்பவருக்கு வாய்ப்பு கூடுதல். இவ்விண்ணப்பம் ஒருபுறமிருக்க, பல்கலைக்கழகத்தில் இடம்பெறுவதற்கு மாணவர் தனியே விண்ணப்பித்தாக வேண்டும். உதவித்தொகை கிடைத்தும் குறித்த பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் போவதும், இடம் கிடைத்த பல்கலைக்கழகத்தில் அந்தப் படைப்பிரிவுக்கான பயிற்சி இல்லாமல் போவதும் நடக்கக்கூடியவை. ஆகவே பயிற்சிப் பிரிவு உள்ள கல்வி நிறுவனங்களின் பட்டியலை முதலில் பார்த்துவிட்டே எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவுசெய்ய வேண்டும்.

கல்வித் தகுதிக்கு வைக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச அளவு அச்சுறுத்துவதாக இல்லை. தரைப்படை கேட்பது, நான்குக்குக் கணக்கிடப்படும் பள்ளி மதிப்பெண் சராசரியில் 2.5 மட்டுமே, எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வுகளிலும் நடுத்தரமான மதிப்பெண்ணே வரம்பு. ஆனால் வரம்பைத் தொடுவது வேறு, போட்டியில் முந்துவது வேறு. தரைப்படை தான் தேடும் மாணவரைப் படிப்பாளி, விளையாட்டு வீரர், தலைவர் என்ற மூன்று சொற்களால் வரையறுக்கிறது. மூன்றில் ஒன்றில் மட்டும் உச்சத்தில் இருப்பவரைக் காட்டிலும், மூன்றிலும் உறுதியாக நிற்பவர் தேர்வுக்குழுவின் கண்ணுக்கு உயர்ந்தவராகத் தெரிகிறார். படிப்பு ஒன்றையே முதலாகக் கொண்டு வளர்க்கப்படும் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. மாணவர் பள்ளி அணியின் தலைவராக இருந்தாரா, சாரணர் இயக்கத்தில் பொறுப்பேற்றாரா, பகுதிநேர வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினாரா என்று படிவம் கேட்கிறது. எத்தனை சங்கங்களில் உறுப்பினர் என்பதைக் காட்டிலும், எதில் எத்தனை பேருக்குப் பொறுப்பாக இருந்தார் என்பதற்கே எடை மிகுதி. இருபத்திரண்டு வயதில் முப்பது, நாற்பது வீரர்களுக்குத் தலைமை தாங்கப் போகிறவரிடம் வேறு எதைக் கேட்க முடியும்?

உடல்திறன் தேர்வு அடுத்த கட்டம். பெரும்பாலும் கைகளை ஊன்றி உடலை உயர்த்தும் தண்டால், படுத்தெழும் வயிற்றுப் பயிற்சி ஆகியவற்றோடு ஓட்டமும் இதில் அடங்கும்; ஓட்டத்தின் தொலைவு தரைப்படைக்கும் கடற்படைக்கும் ஒரு மைல், விமானப்படைக்கு ஒன்றரை மைல், மரைன் பிரிவுக்கு மூன்று மைல் என்று மாறுபடுகிறது. பின்னர் நேர்முகத் தேர்வு. தரைப்படையில் இதைப் பல்கலைக்கழகப் பயிற்சிப் பிரிவின் தலைவரான படைத்துறை அறிவியல் பேராசிரியரோ அவர் சார்பில் மற்றோர் அதிகாரியோ நடத்துவார். அப்பேராசிரியர் பெரும்பாலும் லெப்டினன்ட் கர்னல் நிலையில் பணியிலிருக்கும் அதிகாரி. உதவித்தொகை எதற்கு என்ற கேள்விக்குக் கட்டணச் சுமையை மட்டும் விடையாகச் சொல்பவர் அங்கு நெடுநேரம் நிற்க முடியாது. அதிகாரியாக விரும்புவது ஏன் என்பதற்குத் தெளிவான பதில் வேண்டும். ஆயுதம் ஏந்துவதற்கு மனச்சான்றின்படி மறுப்பு உள்ளவர்கள் இத்திட்டத்துக்குத் தகுதி பெறுவதில்லை என்பதும் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

எடுக்கும் பாடமும் வாய்ப்பைத் தீர்மானிக்கிறது. கடற்படை பாடங்களை அடுக்குகளாகப் பிரித்து, பொறியியல், கணிதம், இயற்பியல் போன்றவற்றுக்கே தன் உதவித்தொகையில் பெரும்பகுதியை ஒதுக்குகிறது. இலக்கியமோ வரலாறோ படிக்க விரும்புபவருக்கு வழி குறுகல். அப்படியே தேர்வானாலும், கடற்படைப் பிரிவு மாணவர் எந்தப் பட்டத்துக்குப் படித்தாலும் நுண்கணிதத்தையும் அதன் அடிப்படையிலான இயற்பியலையும் கற்றே தீர வேண்டும். விமானப்படையும் தொழில்நுட்பப் பாடங்களுக்கு முன்னுரிமை தருகிறது. தரைப்படை இவ்வகையில் சற்றுத் தளர்வானது.

தேர்வானவர் பலரை இறுதியில் தடுத்து நிறுத்துவது மருத்துவச் சோதனை. பாதுகாப்புத் துறையின் மருத்துவ மதிப்பீட்டு வாரியம் இதற்குப் பொறுப்பு. பதின்மூன்று வயதுக்குப் பிறகும் நீடித்த ஆஸ்துமா, கவனக்குறைவு நோய்க்கு அண்மையில் எடுத்துக்கொண்ட மருந்து, கடுமையான உணவு ஒவ்வாமை போன்ற, அன்றாட வாழ்வில் பொருட்படுத்தப்படாத பல குறிப்புகள் இங்குத் தகுதியின்மைக்குக் காரணமாகலாம். அதனால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. வாரியம் தகுதியின்மையைப் பதிவுசெய்கிறது. விலக்கு அளிப்பதா என்பதை அந்தந்தப் படைப்பிரிவு தனியே முடிவுசெய்கிறது. விலக்குக்கான பரிசீலனை மாதக்கணக்கில் நீளக்கூடும் என்பதால், மருத்துவரின் பழைய குறிப்புகளை முன்கூட்டியே திரட்டி வைப்பது உதவும். உண்மையை மறைத்து, பின்னர் அது வெளிப்பட்டால் ஏற்படும் கேடு நோயின் கேட்டைவிடப் பெரிது.

உதவித்தொகைக்கு விலையாகும் பணிக்கடன் மொத்தம் எட்டு ஆண்டுகள். தரைப்படையின் முழுநேரப் பணியைப் பெறுபவர் அதில் நான்கு ஆண்டுகளை முழுநேர அதிகாரியாகவும் எஞ்சியதைச் சேமப்படையிலும் கழிக்கிறார். எட்டு ஆண்டுகளையும் பகுதிநேரச் சேமப்படையிலோ மாநிலங்களைச் சார்ந்த தேசியக் காவற்படையிலோ கழிக்கும் வழியும் உண்டு. கடற்படைப் பிரிவுக்கு முழுநேரப் பணி ஐந்து ஆண்டுகள். விமானப்படையில் விமானியாகப் பயிற்சி பெறுபவர், அப்பயிற்சி முடிந்தபின் பத்து ஆண்டுகள் பணியாற்றக் கடமைப்பட்டவர். பதினேழு வயதில் போடப்படும் கையெழுத்து இருபதுகளின் பெரும்பகுதியைக் கட்டிப்போடுகிறது என்பதை அறிந்துதானோ என்னவோ, சட்டம் ஓர் அவகாசத்தையும் தந்திருக்கிறது: நான்காண்டு உதவித்தொகை பெற்றவர் முதலாண்டை முடித்து, இரண்டாமாண்டு தொடங்குவதற்குள் விலகினால் பணிக்கடனோ திருப்பிச் செலுத்தும் பொறுப்போ அவருக்கு இல்லை. அதற்குப் பிறகு விலகினால், பெற்ற தொகையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அதிகாரியாக அல்லாமல் சாதாரண வீரராகப் பணியாற்ற அனுப்பப்படலாம்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனியே கவனிக்க வேண்டியவை சில உண்டு. உதவித்தொகை அமெரிக்கக் குடியுரிமை உடையோருக்கு மட்டுமே. எச்-1பி விசாவில் பணிபுரியும் பெற்றோருடன் சிறுவயதில் சென்று அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளையோ, கிரீன் கார்டு எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு அட்டை மட்டும் வைத்திருப்பவரோ இதைப் பெற இயலாது. அமெரிக்க மண்ணில் பிறந்தவருக்கு அத்தடை இல்லை. அதிகாரியாகப் போகிறவரின் பின்புலம் பாதுகாப்பு அனுமதிக்காக ஆராயப்படும்போது, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாழும் நெருங்கிய உறவினர் குறித்த விவரங்களையும் படிவத்தில் தர வேண்டியிருக்கும். வெளிநாட்டில் உறவினர் இருப்பதே தகுதியின்மை ஆகிவிடாது, விவரத்தை விடுபட விடுவதுதான் சிக்கலாகும். இன்னொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. பள்ளிகளுக்கு வந்து பேசும் ஆள்சேர்ப்பு அலுவலர்கள் பெரும்பாலும் சாதாரண வீரர்களாகச் சேர்வோருக்கு உரியவர்கள். அதிகாரிப் பயிற்சி உதவித்தொகை பற்றிப் பல்கலைக்கழகப் பயிற்சிப் பிரிவிலுள்ள சேர்க்கை அலுவலரை அணுகுவதே சரியான வழி.

தேசிய அளவிலான இப்போட்டியில் தேர்வாகாதவருக்கும் கதவு மூடப்படுவதில்லை. தரைப்படைப் பிரிவில், முதலாண்டுப் படைத்துறை அறிவியல் வகுப்பில் எந்தப் பணிக்கடனும் இல்லாமல் சேர்ந்து பயிலலாம். அங்குக் காட்டும் திறமையைக் கொண்டு, மீதமுள்ள இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கான உதவித்தொகைக்கு வளாகத்திலிருந்தே போட்டியிடலாம். பள்ளிச் சான்றுகளை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் தேர்வுக்குழுவைக் காட்டிலும், அதிகாலைப் பயிற்சியில் ஓராண்டு முழுவதும் மாணவரைக் கண்ட அதிகாரிகளின் மதிப்பீடு இங்கு எடுபடுகிறது. மாணவரும் அவ்வோராண்டில் இந்த வாழ்வு தமக்கு ஒத்துவருமா என்பதைக் கையெழுத்திடும் முன்னரே அறிந்துகொள்கிறார்.