ஊர் மாறினால் செலவும் மாறும்

ஒரே அரிசிதான். ஒரே பருப்புதான். ஆனால் எல்லா ஊரிலும் ஒரே விலையா? இல்லை. காய்கறி விலை ஊருக்கு ஊர் மாறும். வீட்டு வாடகையும் மாறும்.

மத்திய அரசு வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தது. 2023-24ஆம் ஆண்டில் ஒருவர் ஒரு மாதத்துக்குச் செய்த செலவு எவ்வளவு? கிராமத்தில் சராசரியாக 4,122 ரூபாய். நகரத்தில் 6,996 ரூபாய். மாநிலத்துக்கு மாநிலமும் வித்தியாசம் உண்டு. சத்தீஸ்கர் கிராமங்களில் 2,739 ரூபாய். சிக்கிம் கிராமங்களில் 9,377 ரூபாய். இதற்கு விலை மட்டும் காரணம் அல்ல. வருமானம் கூடினால் மக்கள் அதிகம் வாங்குவார்கள். அதுவும் ஒரு காரணம்.

ஒடிசா மாநிலத்தில் கஞ்சம் என்ற மாவட்டம் உள்ளது. அங்கிருந்து ஏராளமானோர் குஜராத்தில் உள்ள சூரத் நகருக்குப் போகிறார்கள். விசைத்தறியில் வேலை செய்கிறார்கள். பலர் சேர்ந்து ஒரே அறையில் தங்குகிறார்கள். பகல் வேலைக்காரர் எழுந்து போவார். இரவு வேலை முடித்தவர் வந்து அதே இடத்தில் படுப்பார். ஏன் இப்படி? வாடகையை மிச்சம் பிடித்தால்தான் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியும்.

நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

கிராமத்தில்:
மாத வருமானம் – 10,000 ரூபாய்
வாடகை – இல்லை, சொந்த வீடு
சாப்பாடு – 5,000 ரூபாய்
மற்றவை – 2,000 ரூபாய்
மிச்சம் – 3,000 ரூபாய்

நகரத்தில்:
மாத வருமானம் – 16,000 ரூபாய்
வாடகை – 4,500 ரூபாய்
சாப்பாடு – 6,000 ரூபாய்
பஸ் செலவு – 1,000 ரூபாய்
மற்றவை – 2,500 ரூபாய்
மிச்சம் – 2,000 ரூபாய்

பார்த்தீர்களா? வருமானம் 6,000 ரூபாய் கூடியது. மிச்சமோ 1,000 ரூபாய் குறைந்தது.

அதனால் வெளியூருக்குப் போகக்கூடாது என்று சொல்லவில்லை. நல்ல வேலை கிடைத்தால் போகலாம். போவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாதத்தில் எத்தனை நாள் வேலை? தங்க இடம் தருவார்களா? வாடகை எவ்வளவு? முன்பணம் எவ்வளவு? போய்வர என்ன செலவாகும்?

ரேஷன் அட்டையையும் மறந்துவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டு முதல் எல்லா மாநிலங்களிலும் ஒரு வசதி உள்ளது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அட்டை பெற்றவர்கள் எந்த மாநில ரேஷன் கடையிலும் தானியம் வாங்கலாம். அட்டையுடன் ஆதார் எண் இணைந்திருக்க வேண்டும். உங்கள் பங்கை நீங்கள் அங்கே வாங்கலாம். மீதியை ஊரில் உள்ள குடும்பத்தார் வாங்கிக்கொள்ளலாம்.

செய்து பாருங்கள்: சென்ற மாதம் உங்கள் வீட்டில் என்னென்ன செலவு ஆனது? ஒரு தாளில் எழுதுங்கள். வெளியூரில் வேலை செய்யும் ஒருவரிடம் அவர் செலவைக் கேட்டு, பக்கத்தில் எழுதுங்கள். யாருக்கு மிச்சம் அதிகம்?