ஐம்பது டொலர் ரிக்கெற்றைக் கட்டுவதா, வழக்காடுவதா?

மார்க்கம் நகரில் ஒரு நண்பர் வீடு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பிட்ஸாக் கடைக் காந்தத்துக்குக் கீழே அந்த நீளத் தாள் தொங்கியது. 60 கிலோமீற்றர் வீதியில் 75இல் ஓடினார் என்பது குற்றச்சாட்டு. தேத்தண்ணீர் குடிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள்.

"ஐம்பது டொலர்தானே அண்ணை, கட்டிப்போட்டு விடுங்கோ."

"விசர் வேலை. ட்ரயல் கேளுங்கோ. பொலிஸ்காரன் வரமாட்டான், கேஸ் முடிஞ்சுது."

நண்பரின் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "உங்களை எவ்வளவிலை பிடிச்சது எண்டு அவர் சொன்னவர்?"

"தொண்ணூற்றிரண்டு எண்டார். நல்ல மனுசன், குறைச்சு எழுதினவர்."

அந்த வீட்டில் அன்று சட்டம் தெரிந்தவர் நண்பரின் மனைவி ஒருவர்தான் என்று எனக்குப் பட்டது.

ஒன்ராறியோவில் வேகக் குற்றம் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 128ஆம் பிரிவில் வருகிறது. எல்லைக்கு மேலே எத்தனை கிலோமீற்றர் என்பதை வைத்துத்தான் எல்லாம். 15 வரை மேலே போனால் டிமெரிற் பொயின்ற் இல்லை. 16 முதல் 29 வரை மூன்று, 30 முதல் 49 வரை நான்கு, 50உம் அதற்கு மேலும் என்றால் ஆறு. தண்டப்பணமும் அப்படியே படிப்படியாக ஏறும். வீதியோரத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் 92ஐ 75 என்று எழுதுவது வழக்கமான சலுகை. பொயின்ற் விழாத விளிம்பில் கொண்டுவந்து நிறுத்துகிறார். தண்டமும் கூடுதல் கட்டணங்களும் சேர்ந்து ஐம்பது டொலரைச் சற்றே தாண்டும்.

ஆனால் விசாரணை கேட்டால் அந்தச் சலுகை கைவிட்டுப் போகலாம். 2009இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் வின்லோ வழக்கில் இதைத் தெளிவாக்கியது. விசாரணையில் உண்மையான வேகம் நிரூபிக்கப்பட்டால், ரிக்கெற்றில் எழுதிய எண்ணை மேலே திருத்தும்படி வழக்குத்தொடுநர் கேட்கலாம்; அப்படிக் கேட்கப்போவதைச் சாரதிக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நண்பரின் கணக்கைப் பாருங்கள். எல்லைக்கு மேல் 32 கிலோமீற்றர், சட்டப்படி கிலோமீற்றருக்கு 7 டொலர், ஆக 224 டொலர். அதற்கு மேலே கூடுதல் கட்டணம், நான்கு பொயின்ற். ஐம்பது டொலரை மிச்சம் பிடிக்கப் போய் வாங்கிவரும் பரிசு இது. "குறைச்சு எழுதினவர்" என்று நீங்கள் சொல்லும் ரிக்கெற் என்றால் விசாரணைக்குப் போகும் முன் இரண்டு தரம் யோசியுங்கள்.

நம்மவர்கள் பொயின்ற்ஸ் என்றால் நடுங்குகிறார்கள். ஆனால் பணப்பையைக் கடிப்பது பொயின்ற் அல்ல, குற்றத்தீர்ப்பு. பொயின்ற் என்பது போக்குவரத்து அமைச்சின் கணக்கு. குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் நிற்கும். முழு அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு 15 சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும். காப்புறுதி நிறுவனம் பார்ப்பதோ உங்கள் பதிவில் எத்தனை குற்றத்தீர்ப்புகள் உள்ளன என்பதை, பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு. 15 மேலே போனதற்கான தீர்ப்பும் ஒன்று, 29 மேலே போனதற்கான தீர்ப்பும் ஒன்று. "பொயின்ற் இல்லாமல் ஆக்கித் தந்துவிட்டார்கள்" என்று மகிழ்ந்து கட்டியவர், புதுப்பிக்கும் மாதத்தில் கட்டணம் ஏறியதைக் கண்டு தரகரோடு சண்டை பிடிப்பது இதனால்தான். ஏற்கெனவே ஒன்றிரண்டு தீர்ப்பு உள்ளவருக்கு இன்னொன்று சேர்வது எவ்வளவு என்பதை, முடிவெடுக்கும் முன் தரகரிடம் பொதுவாக விசாரித்துக்கொள்வது நல்லது.

ரிக்கெற் கையில் கிடைத்தால் 15 நாள் அவகாசம். அதற்குள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்து அறிவிக்க வேண்டும்: பணத்தைக் கட்டுவது (அதுவே குற்றத்தை ஒப்புக்கொள்வது), வழக்குத்தொடுநரைச் சந்தித்துப் பேச முன்கூட்டிய தீர்வுச் சந்திப்புக் கேட்பது, அல்லது விசாரணை கேட்பது. எதுவும் செய்யாமல் அலுமாரிக்குள் வைத்தால் நீங்கள் மறுக்கவில்லை என்று கொண்டு, நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதப்படும். பணமும் கட்டாவிட்டால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படலாம். அது தெரியாமல் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் ஐம்பது டொலர் விவகாரம் வேறு வழக்காகிவிடும். உங்கள் தவறில்லாமல் அறிவித்தல் கிடைக்காமல் போயிருந்தால், தீர்ப்பைப் பற்றி அறிந்து 15 நாளுக்குள் வழக்கை மீளத் திறக்கக் கேட்கலாம். விசாரணையில் தோற்றால் மேன்முறையீட்டுக்கு 30 நாள்.

நடுவில் உள்ள வழியைத்தான் பலர் கவனிப்பதில்லை. சந்திப்பில் வழக்குத்தொடுநர் ஒரு குறைப்பைச் சொல்வார். பிடித்தால் ஏற்கலாம், பிடிக்காவிட்டால் விசாரணைக்குப் போகலாம். ஏற்கெனவே வீதியோரத்தில் குறைத்து எழுதிய ரிக்கெற்றை மேலும் குறைக்க அவருக்குப் பெரும்பாலும் மனம் வராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விசாரணை என்று முடிவெடுத்தால் முதல் வேலை ஆதாரங்களைக் கேட்பது. உத்தியோகத்தரின் குறிப்புகள், வேகம் அளந்த கருவியின் பெயர், அதைச் சோதிக்கும் முறை பற்றிய கைநூல் பக்கங்கள் ஆகியவற்றை வழக்குத்தொடுநர் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. குறிப்புகளைப் பொறுமையாக வாசித்தால் வழக்கு எங்கே நிற்கிறது என்று விளங்கும். பணி தொடங்கும்போதும் முடியும்போதும் கருவி சோதிக்கப்பட்டதா, எத்தனை மணிக்கு? நெரிசலில் உங்கள் வண்டியைத்தான் அளந்தார் என்று எப்படித் தெரியும்? சாரதி நீங்கள்தான் என்று எதை வைத்து அடையாளம் கண்டார்? இவற்றில் ஓட்டை இருந்தால் வாதாட இடமுண்டு.

மற்றப்படி நாம் வழக்கமாகச் சொல்லும் கதைகள் எடுபடாது. ஒன்ராறியோ நீதிமன்றங்கள் சாதாரண வேகக் குற்றத்தை முழுப் பொறுப்புக் குற்றமாகவே கொள்கின்றன. வேகம் நிரூபிக்கப்பட்டால் போதும், மனதில் என்ன இருந்தது என்பது கேள்வியே இல்லை. "எல்லாரும் அந்த வேகத்தில்தான் போனார்கள்", "வேகமானி பிழை", "கவனிக்கவில்லை" எதுவும் உதவாது. "பலகையைக் காணவில்லை" என்பதும் பெரும்பாலும் அப்படித்தான். பலகை இல்லாத நகர்ப்புற வீதிகளுக்குச் சட்டமே 50 என்று வைத்திருக்கிறது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது என்று துள்ளிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நீங்கள் நீதிமன்றத்தில் நிற்கும்போதே அப்படிப்பட்ட பிழையைத் திருத்தும் அதிகாரம் சமாதான நீதவானுக்கு இருக்கிறது.

பொலிஸ்காரர் வரமாட்டார் என்பது பழைய காலத்து நம்பிக்கை. விசாரணைகள் ஸூமில் நடக்கத் தொடங்கிய பிறகு அவர் வண்டிக்குள் இருந்தபடியே சாட்சி சொல்லலாம். தாமதம் என்பது அதைவிட உறுதியான வாதம். கனடிய உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜோர்டன் தீர்ப்புச் சொன்ன வழக்கு முடிய வேண்டிய 18 மாத வரம்பு இந்தச் சிறு வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2020இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நீங்களே கேட்டுத் தள்ளிப்போட்ட காலம் அதில் சேராது. கனடிய, ஒன்ராறியோ சட்டமா அதிபர்கள் இருவருக்கும் முன்கூட்டியே அறிவித்தல் அனுப்ப வேண்டும். நினைத்த நேரத்தில் எடுத்து வீசக்கூடிய துருப்புச்சீட்டு அல்ல அது.

தமிழில் பேசுவதுதான் வசதி என்றால் விசாரணை கேட்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். செலவு உங்களுடையதல்ல; உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு தந்த உரிமை. வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி மொழிபெயர்க்க வைப்பது பிள்ளைக்கும் நல்லதல்ல, வழக்குக்கும் நல்லதல்ல.

பராலீகல்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்காபரோவில் வீதிக்கு ஒருவர் இருக்கிறார் என்பார்கள், அத்தனை விளம்பரம். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்றவரா என்பதை அதன் இணையப் பட்டியலில் பெயர் போட்டுப் பாருங்கள். "வெற்றி இல்லையேல் காசு இல்லை" என்றால், வெற்றி என்றால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். சிலருக்கு 29ஐ 15 ஆக்குவதும் வெற்றிதான். குற்றத்தீர்ப்பு அப்படியே உங்கள் பதிவில் இருக்கும், காசும் போய்விடும்.

என் நண்பர் கடைசியில் கட்டினார். பல ஆண்டு சுத்தமான பதிவு, குறைத்து எழுதிய ரிக்கெற். நானாக இருந்தாலும் கட்டியிருப்பேன்.

சில மாதம் கழித்து அதே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இன்னொரு தாள் ஏறியது. மகனுடையது. பல்கலைக்கழகம் போகும் பிள்ளை, கையில் இருப்பது புதுச் சாரதிகளுக்கான ஜி2 அனுமதிப்பத்திரம். 50 வீதியில் 81. குறைத்தும் எழுதவில்லை. இந்தமுறை கட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஜி1, ஜி2 சாரதிக்கு நான்கு பொயின்ற் குற்றம் ஒன்று நிரூபணமானாலே 30 நாள் இடைநிறுத்தம். இரண்டாவது 90 நாள். மூன்றாவது தடவை அனுமதிப்பத்திரமே ரத்து. சந்திப்பில் வெறும் இரண்டு கிலோமீற்றர் குறைந்து 29 ஆனாலே மூன்று பொயின்ற்றோடு தப்பிவிடுவான். விசாரணைக்குப் போனாலும் மேலே திருத்த இடமில்லை, எழுதியதே உண்மை வேகம். இன்னும் ஒன்பது கிலோமீற்றர் கூடியிருந்தால் கதையே வேறு. 80க்குக் குறைந்த எல்லையுள்ள வீதியில் 40 கிலோமீற்றர் மேலே போவது சாகச ஓட்டம். அனுமதிப்பத்திரம் அங்கேயே 30 நாளுக்குப் போகும், வண்டி 14 நாளுக்குப் போகும், தண்டம் 2,000 டொலரில் தொடங்கும். அந்தக் கட்டத்தில் நண்பர் வட்டத்துத் தேத்தண்ணீர் ஆலோசனை வேண்டாம், நேரே சட்டத்தரணியிடம் போங்கள்.

உங்கள் வீட்டுக் கதவிலும் இப்படி ஒரு தாள் தொங்கினால், முதலில் கலண்டரை எடுத்துப் பதினைந்தாம் நாளைச் சுற்றி வட்டம் போடுங்கள். உங்களை எவ்வளவில் பிடித்தார் என்று பொலிஸ் உத்தியோகத்தர் சொன்ன எண்ணையும் மறக்கும் முன் பக்கத்தில் குறித்துவையுங்கள்.