பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா?

பேரனுக்கு ஆயுஷ்ஹோமம் வந்தாலும் வந்தது, எங்காத்துச் சுவர்களுக்குப் பிடித்தது சனி! 2021 கார்த்திகையில் ஹோமம். அதற்கு முன்னால் ஐப்பசியில் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். "மழைக் காலத்தில் வேண்டாமே" என்று இவர் சொன்னார். நான் கேட்டால்தானே!

மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. முன்கட்டு மாமனாரின் அப்பா காலத்தது. செங்கல், சுண்ணாம்புக் காரை, தலைக்கு மேலே மெட்ராஸ் டெரஸ். பின்கட்டு பிற்பாடு சிமென்ட்டில் கட்டியது. கடைக்காரர் உயர்ந்த ரக பிளாஸ்டிக் எமல்ஷனைக் காட்டி, "கழுவலாம் மாமி, பத்து வருஷம் கவலையில்லை" என்றார். இரண்டு கட்டுக்கும் அதையே அடித்தோம். பளபளவென்று இருந்தது. தை பிறந்தது, முன்கட்டுச் சுவரில் கொப்புளமும் பிறந்தது! விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி உடைந்து, உள்ளேயிருந்து உப்பு கொட்டிற்று.

பெயிண்ட் மட்டம் என்று நான் திட்டித் தீர்த்தேன். தப்பு அதில் இல்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், காற்றில் விடும். அதன் மேல் பிளாஸ்டிக் படலத்தைப் போர்த்தினால் ஈரம் எங்கே போகும்? உப்பையும் சேர்த்துக் கொண்டு பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. ஆயில் பெயிண்ட் அடித்தாலும் கஷ்டம்தான். ஈரச் சுவரின் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும்.

ஆனால் என்னை உலுக்கியது சுவர் இல்லை, ஜன்னல்.

பழைய ஜன்னல் கம்பிகளில் அடுக்கடுக்காக எத்தனையோ வருஷத்து எனாமல். பெயிண்டர் உப்புத்தாள் வைத்து வறட் வறட்டென்று தேய்த்தார். கூடம் முழுக்கப் பச்சைப் பொடி. நான் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினேன். புதுப் பெயிண்டும் சரியாகப் பிடிக்காமல் உரிந்தது. குழந்தை கம்பியைப் பிடித்து நிற்கும். பல் முளைக்கிற வயசு, கடிக்கும். என் நாத்தனார் பெண் குழந்தைகள் டாக்டர். ஒரு நாள் வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, "மாமி, இவனுக்கு ரத்தத்தில் ஈயம் பார்த்துவிடலாம்" என்றாள். வந்த அளவு, ஒரு டெசிலிட்டருக்கு 7 மைக்ரோகிராம். 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் வருஷத்து வழிகாட்டுதல். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2016-ல் விதி வந்து, 2017 நவம்பரில் அமலாயிற்று. அதனால் டப்பாவில் ஈயம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று அவசியம் படியுங்கள். ஆனால் அதற்கு முந்திய பெயிண்ட், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை, உங்கள் ஜன்னலிலும் கதவிலும் அடியில் இருக்கலாமே! அதைக் காய்ந்தபடி தேய்க்கவோ, நெருப்பு வைத்து உருக்கவோ விடாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்டச் சொல்லுங்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, வேலை செய்பவருக்கு நல்ல முகமூடி. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும். பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

நாங்கள் அப்படித்தான் மறுபடி செய்தோம். கடல் காற்றுக்குக் கம்பி துரு ஏறும் ஊர் இது. ஆகவே முதலில் ரெட் ஆக்ஸைடு பிரைமர், அப்புறம் ஈயமில்லாத எனாமல். குழந்தைக்கு இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள ஆகாரம், அடிக்கடி கை அலம்பல். நாலு மாதம் கழித்து 4 என்று வந்தது. கபாலிக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். வயசான கொத்தனார் ஒருவர் வந்து, ஸ்நான அறைக் குழாயின் கசிவைத்தான் முதலில் அடைத்தார். நாள்பட்ட ஈரத்தை எந்தப் பெயிண்டும் மறைக்காது. எமல்ஷனை உரித்து, போன இடத்தில் சுண்ணாம்புக் காரையே பூசி, வெள்ளை அடித்தார். கொஞ்சம் நீலம், கொஞ்சம் வஜ்ஜிரம். சாய்ந்தால் ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது, போகட்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து, ஜாக்கிரதை.

சிமென்ட் பின்கட்டில் எமல்ஷன் இன்றைக்கும் ஜம்மென்று இருக்கிறது. வெளிப்புறத்துக்கு வெயில், மழை தாங்கும் எக்ஸ்டீரியர் எமல்ஷன்தான் சரி. உள்ளே அடிப்பதை வெளியே அடித்து மிச்சம் பிடிக்காதீர்கள். புதுப் பூச்சு என்றால் நாலு வாரமாவது ஆறவிடுங்கள். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி: ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டிவிட்டு, மறுநாள் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் பெயிண்டரைத் திருப்பி அனுப்புங்கள். எங்கள் ஊருக்கு மாசி, பங்குனிதான் தோது.

கலர் அவரவர் இஷ்டம். அட்டையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், சுவரில் இரண்டடிக்கு அடித்து, காலை வெளிச்சத்திலும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள். மிஞ்சிய டப்பாவின் மூடியில் கலர் நம்பரையும் தேதியையும் எழுதி வையுங்கள். எழுதாத டப்பாக்கள் ஆறு எங்காத்துப் பரணில் இருக்கின்றன. எது எந்த அறை என்று எனக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.