ஆப்பிரிக்கக் கெளுத்தி யாருடைய உணவைத் தின்கிறது?

அயல் மீன் ஒன்று நம் நீர்நிலைகளில் பெருகுவதைச் சூழலியலாளர்கள் பல்லுயிர் இழப்பு என்பர். அந்த இழப்பு எல்லோரையும் சமமாகத் தாக்குவதில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி எதை, எங்கே, எப்படி உண்கிறது என்பதைக் கூர்ந்து நோக்கினால் இது விளங்கும்.

இம்மீன் பெரும்பாலும் இரவில் இரை தேடும். வாயைச் சுற்றியுள்ள நான்கு இணை மீசைகளால் தொட்டும் சுவைத்தும் இரையை அறிவதால், கலங்கிய நீரும் இதற்குத் தடையில்லை. பூச்சி, நத்தை, நண்டு, தவளை, செத்த உயிர்கள் என எதையும் உண்ணும். அகன்ற வாயால் சிறுமீன்களை முழுதாக விழுங்கும். ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் நீர்ப்பறவைகளையும் இது இரையாக்கியுள்ளது. காற்றையும் சுவாசிக்க வல்லதாதலால், கோடையில் வற்றும் குட்டையிலும் உயிர் வாழும். அங்கே ஒதுங்கும் அயிரைக்கும் கெண்டைக்கும் குரவைக் குஞ்சுக்கும் தப்ப வழியில்லை.

ஏரி மீனுக்குக் குத்தகை உண்டு. கட்லாவும் ரோகுவும் ஏலம் எடுத்தவருக்குச் சேரும். நிலமும் குத்தகைப் பணமும் இல்லாத தலித் குடும்பங்கள் காசின்றி அள்ளிவரும் புரதம், வாய்க்காலிலும் குட்டையிலும் எஞ்சும் இந்தச் சிறுமீன்களும் நண்டும் நத்தையும்தான். கெளுத்தியின் இரைப்பட்டியலும் ஏழையின் குழம்புச்சட்டியும் ஒன்றே.

1990களில் சட்டவிரோதமாக வங்கதேசம் வழியே இந்தியாவுக்குள் வந்த இம்மீனின் வளர்ப்பை, 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு தடை செய்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் பின்னர் அத்தடையை உறுதி செய்தது. ஆயினும் இறைச்சிக் கழிவைத் தீனியாக்கிக் குறைந்த செலவில் விரைவாக வளர்க்கலாம் என்பதால், பண்ணைகள் மறைவாக இயங்குகின்றன. வெள்ளத்தில் பண்ணைக்குட்டை உடைந்தால் மீன் ஆற்றில் கலக்கிறது. இலாபம் பண்ணையாருக்கு, இழப்பு ஊர்ப் பொதுநீருக்கு. மலிவு விலையில் இம்மீனை வாங்கி உண்பவரைக் குற்றவாளியாக்குவது நீதியன்று.

பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 2002இன் 41ஆம் பிரிவு, ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அக்குழுவின் பணி. உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். அதில் அயிரையின் பெயர் உள்ளதா? அதை அள்ளிச் சமைக்கும் தலித் பெண்களின் அறிவு பதிவாகியுள்ளதா? பதிவில் இல்லாத உணவு பறிபோனால், அதனை இழப்பென்று நிறுவுவது கடினம். கிராமசபையில் முதற்கோரிக்கையாக இதை எழுப்ப வேண்டும்.