மாற்றத்திற்கு ஒரு நல்ல நாள்

புதிய மென்பொருள், புதிய பெயர்ப்பலகை, புதிய மேலாளர் எனப் பல வடிவங்களில் மாற்றம் ஒரு நிறுவனத்திற்குள் நுழைகிறது. பெரும்பாலும் ஒரு சுற்றறிக்கையே அதனை அறிவிக்கிறது. சுற்றறிக்கை செய்தியைத் தெரிவிக்கும்; மனங்களை ஆயத்தப்படுத்தாது. அப்பணியைத் தொன்றுதொட்டுச் செய்துவருபவை சடங்குகளும் விழாக்களுமே.

நம் நாட்டின் நிதி அமைச்சகமே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. மத்திய நிதிநிலை அறிக்கை தயாரிப்பின் இறுதிக் கட்டத்தில், பெரிய இரும்புச் சட்டியில் அல்வா கிண்டி, நிதி அமைச்சர் முன்னிலையில் அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் வழங்குவது மரபு. அதன்பின் அப்பணியில் ஈடுபட்டோர், அமைச்சர் நாடாளுமன்றத்தில் உரையாற்றும் வரை வெளியுலகத் தொடர்பின்றி அங்கேயே தங்குகின்றனர். இரகசியம் காக்கும் கடுமையான கட்டுப்பாடு இவ்வாறு இனிப்புடன் தொடங்குகிறது. பதவி வேறுபாடின்றி அனைவரும் ஒரே சட்டியிலிருந்து உண்ணும்போது, பொறுப்பும் பொதுவானதாகிறது.

2021ஆம் ஆண்டில் நிதிநிலை அறிக்கை முதன்முறையாக அச்சிடப்படாமல் மின்னணு வடிவில் வெளிவந்தது. ஆயினும் அல்வா விழா கைவிடப்படவில்லை. அதற்கான கைபேசிச் செயலியே அவ்விழாவில்தான் அறிமுகம் கண்டது. 2022இல் பெருந்தொற்று காரணமாக விழா நடைபெறாதபோதும், ஊழியர்களுக்கு அவர்தம் பணியிடத்திலேயே இனிப்பு வழங்கப்பட்டது.

அமைச்சர் கையில் ஏந்திவரும் பொருளும் இவ்வாறே மாறியது. நெடுங்காலம் தோல்பெட்டி இருந்த இடத்தில், 2019இல் நிர்மலா சீதாராமன் வடநாட்டு வணிகர்களின் கணக்கேட்டை நினைவூட்டும் சிவப்புத் துணி உறையைக் கொண்டுவந்தார். 2021இல் அதே போன்ற சிவப்பு உறைக்குள் கையடக்கக் கணினி இருந்தது. குஜராத்தி வணிகர்கள் தீபாவளியன்று கணக்கேடுகளை வழிபடுவர். இன்று பல கடைகளில் மடிக்கணினிக்கும் குங்குமம் இடுகின்றனர். பழைய வடிவம் புதிய பொருளை அச்சமின்றி ஏற்கச் செய்கிறது.

இத்தகைய வாய்ப்பு அமையாத தருணங்களும் உண்டு. 2020 ஏப்ரல் 1ஆம் நாள், பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக ஒருங்கிணைந்தன. 1865இல் தோன்றிய அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியுடன் இணைந்தது. நாடு முழுவதும் ஊரடங்கு நிலவிய அந்நாளில், ஒன்றுகூடி விடைபெற வழியில்லை. கணக்குகள் தொடர்ந்தன, சேமிப்பும் பாதுகாப்பாக இருந்தது. ஆயினும் முப்பது ஆண்டுகள் ஒரு பெயரின் கீழ் உழைத்தவருக்கும், அப்பெயரை நம்பிப் பணம் செலுத்தியவருக்கும், அதன் மறைவு பேரேட்டில் ஒரு பதிவாக மட்டும் முடிந்துவிடக்கூடியதன்று.

தொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள் இதிலிருந்து சிலவற்றைக் கருத்தில் கொள்ளலாம். கடைக் கணக்கைக் கணினிக்கு மாற்றுகிறீர்களா? பழைய பேரேட்டின் இறுதிப் பதிவை, அதனை நெடுநாள் பேணிய கணக்கரே எழுதட்டும். புதிய முறையில் முதல் பட்டியலை, நாளை முதல் அப்பணியைச் செய்யவிருக்கும் ஊழியரே அனைவர் முன்னிலையிலும் போடட்டும். பொறுப்பை மகளிடமோ மகனிடமோ ஒப்படைக்கும்போது, பணியாளர்களும் சரக்கு வழங்குவோரும் அறியச் சாவியைக் கையளியுங்கள். ‘இனி யாரிடம் கேட்பது?’ என்னும் ஐயம் அன்றே நீங்கும். இவற்றிற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

எனினும் விழா, உண்மைக்கு மாற்றாகாது. ஆட்குறைப்போ ஊதியக் குறைப்போ இருப்பின், அதனை முன்கூட்டியே நேரில் கூறிவிட வேண்டும். விருந்து வைத்து மறைத்தால், அடுத்த விழாவை எவரும் நம்பார். அவ்வாறே, மாலை சூட்டிய இயந்திரம் மறுநாள் இயங்காவிடில் ஏளனமே மிஞ்சும். ஆகவே விழாவிற்கு நாள் குறிக்குமுன், பயிற்சிக்கு நாள் குறியுங்கள்.